மட்டாஞ்சேரி கிடங்கும் வெப் கேஷும்: ஒரு பழைய கணக்கு

போன வாரம் மகளிடமிருந்து போன். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

"அப்பா, லேப்ல ஒரு பழைய ஸ்விட்ச் குடுத்திருக்காங்க. மேனுவல்ல வெப் கேஷ் ரீடைரக்‌ஷன்னு ஒரு பாடம் வருது. இப்ப இதை யாரும் பண்றதில்லைன்னு சொல்லி சார் அடுத்த பாடத்துக்குப் போயிட்டார். அப்படின்னா என்னப்பா?"

பி.காம். படித்துவிட்டு பேங்கில் வட்டி போட்டுக்கொண்டிருக்கும் மனுஷனிடம் கேட்கிற கேள்வியா இது? :-) ஆனால் பதில் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்ட விதம்தான் கொஞ்சம் கசப்பானது. அவளிடம் போனில் பாதி சொன்னேன். மீதியை இங்கே எழுதி வைக்கிறேன். சொந்த ஊரை விட்டு வந்து, இன்டர்நெட் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வீட்டுக்கு மெயில் அனுப்பிய நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இது அவர்கள் கதையும்தான்.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்ளுங்கள். வருடம் 2004. விருதுநகர்க்காரனான எனக்கு முதல் வெளிமாநில போஸ்டிங், கொச்சி மட்டாஞ்சேரி. மலையாளம் அரைகுறை, மழை மட்டும் முழுசு. ஆனால் ஊர் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. காரணம் பஜார் ரோடு. தெரு முழுக்க மிளகு, சுக்கு, ஏலக்காய், அரிசி வாசனை. அப்பா மண்டியில் கணக்கு எழுதியவர் என்பதால் அந்த வாசனையில்தான் நான் வளர்ந்தேன். நாம் பண்டகசாலை என்பதை அங்கே பாண்டிகசாலை என்பார்கள். முன்வாசல் தெருவில், பின்வாசல் காயலில். வள்ளத்தில் வந்த சரக்கு பின்பக்கம் இறங்கும், முன்பக்கம் லாரியில் ஏறும். இடையில் இருக்கும் இருட்டு அறையில் மூட்டைகள் காத்திருக்கும். இந்தக் கிடங்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எனக்கு ஃபாரெக்ஸ் கவுண்டர். ஒருநாள் காலை, சின்ன அளவில் மசாலா ஏற்றுமதி செய்யும் ஒரு இக்கா வந்தார். கையில் 40,000 டாலர் பில்லும் ஒரு பிரிண்ட் அவுட்டும். பிரவுசிங் சென்டரில் டாலர் ரேட் பார்த்து, அந்தக் கணக்கில் சரக்கை விலை பேசி வாங்கிவிட்டார். எங்கள் ரேட்டைச் சொன்னதும் முகம் மாறியது. பேங்க் மார்ஜினைக் கழித்துப் பார்த்தாலும் டாலருக்கு 20 பைசா குறைந்தது. மொத்தத்தில் 8,000 ரூபாய்.

"சாரே, இது இன்னத்தெ ரேட்டாணு" என்று தாளை நீட்டினார். தாளின் அடியில் அன்றைய தேதி அச்சாகியிருந்தது. ரேட் மட்டும் முந்தைய நாளுடையது. அன்று காலைதான் ரூபாய் வலுவாகியிருந்தது, அது எங்களுக்கெல்லாம் தெரியும். எனக்கு வயது இருபத்தைந்து, வேலைத் திமிர் வேறு. வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது, "பேப்பர்ல யாரு வேணும்னாலும் எதை வேணும்னாலும் அடிக்கலாம் இக்கா" என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. பில்லைக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எங்கள் கவுண்டர் பக்கம் வரவேயில்லை.

அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிய மூன்று மாதம் ஆயிற்று.

*

கூவப்பாடம் பக்கம் நான் குடியிருந்த மாடியில் திருநெல்வேலித் தம்பி ஒருவர் இருந்தார். அந்த வட்டாரத்துக்கு இணைப்பு கொடுக்கும் ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனியில் வேலை. ஒரு ராத்திரி கட்டஞ்சாயா குடிக்கும்போது பேச்சுவாக்கில் இந்தக் கதையைச் சொன்னேன். தம்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணே, அவர் மேல தப்பில்ல. அந்த சென்டர் எங்க லைன்தான். பழைய பக்கத்தைக் குடுத்தது எங்க கேஷ் பொட்டி."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, என்னை அவர் ஆபீசுக்கே கூட்டிப் போனார். ஒரு அலமாரி. அதில் ஒரு ஸ்விட்ச், அதற்குக் கீழே இரண்டு கம்ப்யூட்டர்கள். "இதுதாண்ணே நம்ம பாண்டிகசாலை" என்றார். அன்றைக்கு அவர் எனக்கு எடுத்த பாடத்தைத்தான் இருபது வருடம் கழித்து என் மகளுக்கு எடுத்தேன்.

கேஷ் எதற்கு வந்தது என்று புரிய, அந்தக் காலத்து லைன் விலையை நினைத்துப் பார்க்க வேண்டும். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. 1998 நவம்பரில்தான் தனியார் கம்பெனிகளுக்கு அனுமதி கிடைத்தது. அப்படி முதலில் வந்தது நம்ம சென்னையின் சத்யம் இன்ஃபோவே, பிற்பாடு சிஃபி. கம்பெனிகள் வந்தன, ஆனால் நாம் பார்க்கும் பக்கங்கள் எல்லாம் அமெரிக்காவில் இருந்தன. ஒவ்வொரு படமும் கடல் தாண்டி வர வேண்டும். அந்தக் கடல் வழிக்கு டாலர் கணக்கில் வாடகை.

ஒரு சின்ன கணக்கு போடுவோம் (தொழில் புத்தி!). 64 கேபிபிஎஸ் லைன் என்றால் விநாடிக்கு 8 கிலோபைட். 100 கிலோபைட் பக்கம் ஒன்று வர பன்னிரண்டரை விநாடி. பத்துப் பேர் ஒரே நேரத்தில் கேட்டால் இரண்டு நிமிடம். அந்தப் பத்துப் பேரும் கேட்டது ஒரே மெயில் தளத்தின் ஒரே முகப்புப் படம் என்றால், அதை எதற்குப் பத்து முறை கடல் தாண்டிக் கொண்டுவர வேண்டும்? முதல் தடவை வந்ததை ஒரு பிரதி எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் மற்ற ஒன்பது பேருக்கும் உள்ளூரிலேயே கொடுத்துவிடலாம். கேஷ் என்பது இவ்வளவுதான். மூன்றில் ஒரு பங்கு இப்படி மிச்சமானாலே சின்ன கம்பெனிக்கு அது லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் உள்ள வித்தியாசம்.

கொச்சியில் இதில் ஒரு வேடிக்கை. சீ-மீ-வீ 3 என்ற கடல் கேபிள், ஜெர்மனியில் தொடங்கி ஜப்பான், கொரியா, ஆஸ்திரேலியா வரை சுமார் 39,000 கிலோமீட்டர், 1999-2000 வாக்கில் வேலைக்கு வந்தது. இந்தியாவில் அது கரையேறிய ஊர்கள் இரண்டே இரண்டு: மும்பை, கொச்சி. அடுத்து 2002-ல் சேஃப் கேபிள் வந்தது. தென்னாப்பிரிக்கா, ரீயூனியன், மொரீஷியஸ், கொச்சி, பினாங்கு என்று அதன் வழி. இந்தப் பெயர்களை இன்னொரு முறை படியுங்கள். நம் முன்னோரைக் கரும்புக்கும் ரப்பருக்கும் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோன இடங்கள். 1860-ல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குப் போன ஆட்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் போட மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அதே கரையில் ஏறும் கம்பி இப்போது கண்ணிமைக்கும் நேரத்தில் கொச்சியைத் தொடுகிறது.

ஆனால் கம்பி ஊர் வாசலில் இறங்கியதால் மட்டாஞ்சேரிக்காரனுக்கு வேகம் கிடைத்துவிடவில்லை. பெரிய குழாய் வீட்டு வாசல் வழியாகப் போனாலும் நம் வீட்டுக்கு வருவது நாம் காசு கட்டிய அளவுதானே? சர்வதேசத் தொலைபேசியில் வி.எஸ்.என்.எல். ஏகபோகம் முடிந்ததே 2002 ஏப்ரலில்தான். சின்ன கம்பெனிகள் மெல்லிய லைன் வாங்கி, அதை நூறு பேருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அதனால்தான் அந்த அலமாரியும் அந்தப் பெட்டிகளும்.

*

இனி ஸ்விட்ச் கதை. கேஷ் என்ற யோசனை வெப் பிறந்த கொஞ்ச நாளிலேயே வந்துவிட்டது. 1994-லேயே செர்ன் ஆய்வகத்தின் வெப் சர்வரில் பிரதி எடுத்து வைக்கும் வசதி இருந்தது. 1996-ல் ஸ்க்விட் என்ற இலவச மென்பொருள் வந்தது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றும் லினக்ஸும் இருந்தால் போதும், கேஷ் தயார்.

சிக்கல் வேறு இடத்தில். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் பிரவுசரைத் திறந்து, "நேரே போகாதே, இந்த கேஷ் வழியாகப் போ" என்று எழுதி வைக்க வேண்டும். ஐம்பது சென்டர், ஆயிரம் கம்ப்யூட்டர், தினமும் யாராவது ஒருவர் அதை அழித்து வைப்பார். ஓடி ஓடிக் கால் தேயும். கேஷ் பெட்டி ஒருநாள் படுத்துவிட்டால் ஆயிரம் பேருக்கும் இன்டர்நெட் இல்லை.

இதற்கு வந்த விடைதான் என் மகளின் மேனுவலில் இருக்கும் பாடம். வாடிக்கையாளர் கம்ப்யூட்டரைத் தொடாதே. எல்லாப் போக்குவரத்தும் கடந்து போகும் ஸ்விட்சிலேயே ஒரு ஆளை நிறுத்து. வெப் பக்கம் கேட்டு வரும் கோரிக்கையை மட்டும் அவன் பிடித்துக் கேஷ் பக்கம் திருப்பிவிடட்டும். 1997-ல் சிஸ்கோ இதற்காக டபிள்யூசிசிபி என்ற பேச்சுமுறையைக் கொண்டுவந்தது. ஆல்டியான், ஃபவுண்ட்ரி போன்ற கம்பெனிகளின் ஸ்விட்சுகள் தங்கள் வழியில் அதையே செய்தன.

தம்பி எனக்குச் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில், எதைப் பிடிப்பது? வெப் பக்கங்கள் 80 என்ற போர்ட் எண்ணுக்குப் போகும். அந்த எண் இருந்தால் மட்டும் திருப்பு. மெயிலை விடு. பூட்டுப் போட்ட பக்கங்கள், அதாவது நெட் பேங்கிங் மாதிரி, 443-ல் போகும். அதைத் தொடாதே. (பேங்க்காரனான எனக்கு இதைக் கேட்டதும்தான் உயிர் வந்தது.)

இரண்டாவது, எங்கே பிடிப்பது? வாடிக்கையாளர்கள் பக்கமிருந்து உள்ளே வரும் வாசலில். கேஷ் பெட்டியே வெளியே போய்ப் பக்கம் வாங்கி வர வேண்டுமே, அந்தக் கோரிக்கையும் 80-க்குத்தான் போகும். அதையும் பிடித்துத் திருப்பிவிட்டால்? கேஷ் கேட்கும், ஸ்விட்ச் அதைக் கேஷுக்கே அனுப்பும், கேஷ் மறுபடி கேட்கும். செக்குமாடுதான். புதிதாக இதை அமைப்பவர்கள் முதலில் விழும் பள்ளம் இது. கேஷ் பெட்டிக்குத் தனி வாசல் கொடுத்து, அந்த வாசலில் பிடிப்பவனை நிறுத்தாமல் விட வேண்டும்.

மூன்றாவது, எப்படித் திருப்புவது? கேஷ் அதே ஸ்விட்சில் பக்கத்திலேயே இருந்தால், கடிதத்தின் விலாசத்தை மாற்றாமல் தபால்காரர் வேறு வீட்டுக் கதவில் கொடுப்பது போலக் கொடுத்துவிடலாம். இதை ஸ்விட்சின் வன்பொருளே செய்துவிடும், வேகம் குறையாது. கேஷ் தூரத்தில் இருந்தால், மொத்தக் கடிதத்தையும் இன்னொரு உறைக்குள் போட்டு அனுப்ப வேண்டும். அதற்கு உழைப்பு அதிகம். கேஷ் பெட்டியிலும் ஒரு கட்டளை வேண்டும்: பிறர் விலாசத்துக்கு வந்த கடிதமாக இருந்தாலும் பிரித்துப் படி என்று.

நான்காவது, இரண்டு கேஷ் இருந்தால் யாருக்கு எது? டபிள்யூசிசிபி போகும் முகவரிகளை 256 கூடைகளாகப் பிரிக்கும். பாதிக் கூடைகள் இவனுக்கு, பாதி அவனுக்கு. ஒரு தளம் எப்போதும் ஒரே கேஷுக்குப் போகும், அதனால் ஒரே சரக்கை இரண்டு கிடங்கில் அடுக்கி இடத்தை வீணாக்க வேண்டாம். மண்டியில் மிளகுக்கு ஒரு அறை, சுக்குக்கு ஒரு அறை என்பது போல.

ஐந்தாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கேஷ் பெட்டி பத்து விநாடிக்கு ஒருமுறை "இதோ இருக்கிறேன்" என்று குரல் கொடுக்கும். ஸ்விட்ச் "உன்னைப் பார்க்கிறேன்" என்று பதில் சொல்லும். அந்தச் செய்திகளுக்கு உண்மையிலேயே இந்த அர்த்தத்தில்தான் பெயர். குரல் நின்று சுமார் 30 விநாடி ஆனால் ஸ்விட்ச் அந்தக் கேஷைக் கணக்கிலிருந்து எடுத்துவிடும். வேறு கேஷ் எதுவும் இல்லையென்றால் எல்லாரும் பழையபடி நேரே போவார்கள். கிடங்கு பூட்டிக் கிடந்தால் சரக்கை நேராகக் கப்பலில் ஏற்று என்பது மாதிரி.

கொஞ்சம் வரிகளில் இத்தனையும் முடிந்தது. நூறு பேருக்குப் போதாத லைன் திடீரென்று போதுமானதாகத் தெரிந்தது. உட்கார்ந்து பார்க்கிறவருக்கு எதுவுமே தெரியாது. அதனால்தான் இதற்குக் கண்ணாடி மாதிரி, ஊடுருவித் தெரியும் கேஷ் என்று பெயர் வைத்தார்கள். நல்லதும் அதுதான், வில்லங்கமும் அதுதான்.

*

வில்லங்கத்துக்கு வருகிறேன். கிடங்கில் வைத்த சரக்கு எவ்வளவு நாள் தாங்கும்? வெப் பக்கத்தை அனுப்புகிறவர் அதில் காலாவதி நேரம் எழுதலாம், இதைச் சேமிக்காதே என்றும் எழுதலாம். 1999-ல் வந்த எச்.டி.டி.பி. 1.1 விதிகள் இதை விலாவாரியாகச் சொல்கின்றன. எழுதாமல் விட்டால் கேஷ் ஊகிக்கும். ஸ்க்விட்டின் வழக்கமான ஊகம் 20 சதவீதம். கடைசியாகப் பத்து நாள் முன் மாறிய பக்கம் என்றால், இன்னும் இரண்டு நாளைக்கு மாறாது என்று வைத்துக்கொள்ளும். முன்பே சேமித்தது பழையதா என்று சந்தேகம் வந்தால், மூலத் தளத்திடம் "மாறிவிட்டதா?" என்று மட்டும் கேட்கலாம். மாறவில்லை என்றால் 304 என்று சின்னதாக ஒரு பதில் வரும்.

ஆனால் இந்த விதிகளைத் தாண்டவும் ஸ்க்விட்டில் ஒரு வழி உண்டு. அனுப்பியவர் எழுதிய காலாவதியைக் கண்டுகொள்ளாதே, நான் சொல்லும் நேரம் வரை வைத்திரு என்று எழுதலாம். லைன் வாடகை கழுத்தை நெரித்த மாதம் ஒன்றில் தம்பியின் மேலதிகாரி அதைத்தான் எழுதச் சொல்லியிருந்தார். எல்லாப் பக்கத்துக்கும் ஒரே விதி. திரைப்பட ஸ்டில்லும் டாலர் ரேட்டும் ஒன்றுதான். இக்கா பார்த்தது முந்தைய நாள் யாரோ கேட்டபோது சேமித்த பக்கம். பிரிண்டரோ அடித்த நாளின் தேதியைப் போட்டுவிட்டது.

மட்டாஞ்சேரியில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊரே இன்றைய விலையில் வாழும் ஊர். 1957-லிருந்து ஜூ டவுனில் மிளகு வணிகர் சங்கம் எதிர்கால விலைக்கு வியாபாரம் நடத்திய ஊர். அங்கே நேற்றைய விலைக்கு மதிப்பு கிடையாது. கிடங்குக்காரன் பழைய மிளகை வைத்திருப்பது குற்றமில்லை. அதைப் புது மிளகு என்று கொடுப்பதுதான் குற்றம். அந்தக் குற்றத்தை ஒரு பெட்டி செய்தது, பழியை ஒரு நல்ல மனுஷன் மேல் நான் போட்டேன்.

தம்பி அன்றே நிதித் தளங்களைத் திருப்பும் பட்டியலிலிருந்து விலக்கினார். ஸ்விட்சில் இரண்டு மூன்று வரி. இந்த முகவரிக்குப் போகிறவர்களை விட்டுவிடு, அவ்வளவே. நான்? இக்காவின் கடைக்கு இரண்டு முறை போய் வாசல் வரை நின்றுவிட்டுத் திரும்பினேன். 2006-ல் மாற்றல் வந்து கொச்சியை விட்டேன்.

*

அந்த அலமாரிக்குப் பிறகு என்ன ஆனது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னைக்கும் மும்பைக்கும் புதுக் கேபிள்கள் வந்து வாடகை இறங்கியது. 2003-ல் நிக்சி வந்து, உள்நாட்டுப் போக்குவரத்து வெளிநாடு போய்த் திரும்பும் கூத்தும் குறையத் தொடங்கியது. பூட்டுப் போட்ட பக்கங்கள் பெருகின. நடுவில் நிற்பவர் பிரித்துப் படிக்க முடிந்தால், மாற்றவும் முடியும் அல்லவா? 2015-ல் இந்தியாவிலேயே ஒரு பெரிய மொபைல் கம்பெனி, வாடிக்கையாளர் பார்க்கும் பக்கங்களில் தன் நிரலைச் செருகியது வெளியில் வந்தது. அதே வருடம் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு பூட்டை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. 2018 ஜூலையில் குரோம் பிரவுசர் பூட்டில்லாத பக்கங்களைப் 'பாதுகாப்பற்றது' என்று காட்டத் தொடங்கியது. ஸ்விட்சில் நின்ற ஆளுக்குப் பிரிக்கக் கடிதமே இல்லாமல் போயிற்று.

கிடங்கு மட்டும் போகவில்லை. 1998-ல் தொடங்கிய அகமாய் காட்டிய வழியில், இன்று கூகுளும் நெட்ஃபிளிக்ஸும் தங்கள் கேஷ் பெட்டிகளைத் தாங்களே கொண்டுபோய் இன்டர்நெட் கம்பெனிகளின் அறையில் வைக்கின்றன. சரக்கின் சொந்தக்காரனே கிடங்கு வைத்துக் கதவைப் பூட்டிக்கொள்கிறான். எது பழசு, எது புதுசு என்பதும் அவன் பொறுப்பு. துபாயிலோ டொராண்டோவிலோ நீங்கள் பார்க்கும் படம் பெரும்பாலும் உங்கள் பக்கத்து ஊர்க் கிடங்கிலிருந்துதான் வருகிறது.

தூரம் எவ்வளவு செலவு என்பதைக் கொச்சி இன்னும் மறக்கவில்லை. இங்கிருந்து கப்பல் போகும் லட்சத்தீவுக்கு 2024 ஜனவரியில்தான் கடல் கேபிள் திறக்கப்பட்டது. கொச்சியிலிருந்து 11 தீவுகளுக்கு, சுமார் 1,868 கிலோமீட்டர். அதுவரை அங்கே எல்லாமே 36,000 கிலோமீட்டர் மேலே போய் சாட்டிலைட் வழியாக வந்து சேர வேண்டும். ஒரு கேள்வி போய்ப் பதில் வரவே அரை விநாடி.

இரண்டு வருடம் முன் மறுபடி கொச்சிக்கே மாற்றல் வந்தது. பஜார் ரோட்டில் பாதிக் கிடங்குகள் காபிக் கடையாகவும் ஓவியக் கூடமாகவும் ஆகிவிட்டன. இக்காவின் கடை இருக்கிறது, இக்கா இல்லை. மகன் உட்கார்ந்திருந்தார். இந்த முறை வாசலில் நிற்கவில்லை. உள்ளே போய், இருபது வருடத்துக் கதையை முழுதாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாப்பா அந்தப் பேப்பரை ரொம்ப நாள் மேசையில வெச்சிருந்தார் சாரே. தான் எங்கே தப்பாப் பார்த்தோம்னு யோசிச்சிட்டே இருப்பார்" என்றார்.

அவர் தப்பாகப் பார்க்கவில்லை. இதை மகனிடம் சொல்ல முடிந்தது, அவரிடம் சொல்ல முடியவில்லை.

மகளிடம் கடைசியாக ஒன்று சொன்னேன். அந்தப் பாடத்தைத் தாண்டிப் போகாதே, ஒருமுறை செய்து பார். எதைத் திருப்ப வேண்டும் என்பது நாலு வரியில் வந்துவிடும். எதைத் திருப்பாமல் விட வேண்டும் என்ற பட்டியலை எழுதும்போது மட்டும் கொஞ்சம் நின்று யோசி. அந்தப் பட்டியலில் ஒரு வரி விட்டுப்போனால், கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற யாரோ ஒருவர் பொய்யராகிவிடுவார்.

டிஸ்கி: மேலே சொன்ன அமைப்பு முறையை நம்பி ஆபீஸ் ஸ்விட்சில் கை வைத்து வேலை போனால் கம்பெனி பொறுப்பல்ல. நான் வட்டி மட்டும்தான் சரியாகப் போடுவேன் :-)